அரியமானில் நின்றுபோன ஃபிரிட்ஜ்: வீட்டு ஃபிரிட்ஜை வண்டியில் வைத்தபோது நடந்தது

"தம்பி, வண்டி ஓடும்போது ஃபிரிட்ஜ் ஓடுது. வண்டியை நிறுத்தினால் அதுவும் நின்னுடுது." டீச்சர் என் கடைக்கு வந்து முதலில் சொன்னது இதுதான். ராமநாதபுரத்தில் இருபது வருடமாக ஃபிரிட்ஜ், ஏசி, ஐஸ் பெட்டி வேலை பார்க்கிறேன். பாதி விடை அவர் சொன்னதிலேயே இருந்தது. அதைப் பிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. வண்டியில் வீடு கட்டிக்கொண்டு இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது பயன்படும் என்று, நடந்ததை அளவுகளோடு எழுதுகிறேன்.

அப்போது ஆனி மாதக் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. டீச்சரும் அவர் கணவரும் மதுரைக்காரர்கள், இருவருமே ஓய்வு பெற்றவர்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளை எடுத்துவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். ஆர்.டி.ஓ. ஒப்புதலும் வாங்கியிருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வண்டியை மாற்றியமைத்தவர்கள் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போது திண்டாடுகிறார்கள்.

வீட்டில் சும்மா கிடந்த 190 லிட்டர் ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜைத்தான் வண்டிக்குள் ஏற்றியிருந்தார்கள். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜே, இதில் கால்பங்கு கொள்ளளவுக்கு, புது வீட்டு ஃபிரிட்ஜைவிட இரண்டு மடங்கு விலை சொல்கிறது. கையில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

தொண்டியில் முதல் இரவு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மறுநாள் தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டு, உச்சிப்புளி வழியாக அரியமான் கடற்கரைக்கு வந்து சவுக்குத் தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்'. பேட்டரியின் 12 வோல்ட்டை ஃபிரிட்ஜுக்கு வேண்டிய 230 வோல்ட்டாக மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தியது. சார் (டீச்சரின் கணவர்) எழுந்து அதை அணைத்துப் போட்டார், ஓடியது. அரை மணி நேரத்தில் மறுபடி அதே கதை. விடியும்போது பேட்டரி படுத்துவிட்டது. பால் திரிந்து கிடந்தது. முந்தின நாள் வாங்கிய சூரை மீனை டீச்சர் முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டார். சரியான முடிவு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரியான மீன்கள் குளிர் விட்டுப்போனால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மணம் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்ப முடியாது.

அவரை அழவைத்தது மீன் இல்லை. கதவுத் தட்டில் நான்கு இன்சுலின் பாட்டில்கள் இருந்தன. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டிருக்கிற பாட்டிலை 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஆனி மாதத்தில் மூடிய வண்டிக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் என்பது எத்தனையோ பேருக்கு மருந்துப் பெட்டியும்தான். இந்த வேலையை நான் அவசரமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த நான்கு பாட்டில்கள்.

அன்று காலை கீழக்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஃபிரிட்ஜுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் ஃப்ரீசரில் ஐஸ் கட்டிவிட்டது. அங்கே பார்க்க வந்த ஒரு மெக்கானிக், கேஸ் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் அவரிடம் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: "கேஸ் இல்லாட்டி இந்த ஐஸ் எப்படிக் கட்டிச்சு?" ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஒரு கேள்வி நல்ல ஃபிரிட்ஜ் ஒன்றை வெட்டாமல் காப்பாற்றியது. இன்றைய சின்ன ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற குளிரூட்டும் கேஸ் சில பத்து கிராம்தான் இருக்கும். அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெட்டுவிடும். எடைத் தராசு இல்லாமல் கண்மதிப்பில் ஏற்றுகிற வேலை இல்லை அது.

வண்டி என் கடை வாசலுக்கு வந்ததும் முதலில் கடைக் கரண்ட்டில் போட்டுப் பார்த்தேன். அப்போது லைன் கரண்ட் 228 வோல்ட். ஓடும்போது 92 வாட். கம்ப்ரசர் எடுக்கும், அதாவது சுற்றத் தொடங்கும், அந்த நொடியில் கிளாம்ப் மீட்டர் 7.4 ஆம்பியர் காட்டியது, பிறகு 0.55க்கு இறங்கிவிட்டது. ஆரோக்கியமான ஃபிரிட்ஜ். அடுத்து வண்டியின் இன்வெர்ட்டருக்கு மாற்றினேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது கம்ப்ரசர் எடுத்தது, அப்புறம் என்ஜினை அணைத்தோம். பேட்டரி முனையில் 12.0 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.7. வித்தியாசம் 0.3 வோல்ட். இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தியது. சில நிமிடம் கழித்து அது திரும்ப எடுக்கப்போனபோது இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு கட் ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே உயிர் பெற்றது. கம்ப்ரசர் எடுக்க முயன்றது, பின்னாலிருந்து 'டிக்', மறுபடி கட். அரியமானில் அவர்கள் இரவு முழுக்கக் கேட்டது இந்தச் சத்தம்தான். நான் ஓடும்போது அளந்துகொண்டிருந்தேன், குறையோ எடுக்கும் நொடியில் இருந்தது.

மீட்டரை மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் நிலைக்கு மாற்றி, இரண்டு முனையிலும் இரண்டு மீட்டர் வைத்தேன். அடுத்த முறை கம்ப்ரசர் எடுக்க முயன்றபோது கிடைத்தவை: பேட்டரி முனையில் 11.6 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 8.9 வோல்ட். நடுவில் 2.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஒயரில் ஓடியது 100 ஆம்பியருக்குச் சற்று மேல்.

அந்த இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கட் ஆகும். பேட்டரி தீரவில்லை. பேட்டரி முன்னிருக்கைக்குக் கீழே, இன்வெர்ட்டர் பின்னால் ஃபிரிட்ஜ் பக்கத்தில். நடுவே போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர், 6 ஸ்கொயர் எம்எம் ஒயர். வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் கஞ்சத்தனம் செய்யவில்லை. வீட்டு வயரிங்கில் 6 ஸ்கொயர் என்றால் பெரிய ஒயர், ஏசிக்கே 4 ஸ்கொயர்தான் இழுக்கிறோம். ஆனால் 230 வோல்ட்டில் ஓடும் ஒரு சுமையை 12 வோல்ட்டிலிருந்து கொடுக்கும்போது ஆம்பியர் ஏறக்குறைய 19 மடங்காகிறது. 6 ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0033 ஓம். எட்டு மீட்டருக்கு 0.026. நூறு ஆம்பியரால் பெருக்கினால் 2.6 வோல்ட். வீட்டில் 230இல் 2.6 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12இல் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

டீச்சர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்ஜின் ஓடும்போது அதோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை 14 வோல்ட் பக்கத்தில் வைத்திருக்கிறது. அதில் 2.7 போனாலும் 11.3 மிஞ்சும், கட் ஆகாது. வண்டி நின்றபின் 12.2இல் தொடங்கினால் 10.5ஐத் தாண்டிக் கீழே விழுந்துவிடும். தொண்டியில் முதல் நாள் பேட்டரி நிறைந்திருந்ததால் தப்பித்தது. ஆட்டத்தில் ஏதோ லூஸ் ஆகிறது, பள்ளத்தில் விழுந்ததில் ரிலே போய்விட்டது என்று வழியில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுமே லூஸ் ஆகவில்லை.

ஒருமுறை கட் ஆனதும் ஏன் திரும்ப எடுக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றதும் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். கேபிலரி என்ற மெல்லிய குழாய் வழியாகக் கேஸ் கசிந்து இரண்டு பக்கமும் சமமாக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் பூட்டிக்கொண்டு நிற்கும், அந்த ஏழு எட்டு ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். சூடேறி, மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு புரொடெக்டர் திறந்து கரண்ட்டைத் துண்டிக்கும். அதுதான் 'டிக்'. இன்வெர்ட்டர் கட் ஆகி, அதுவாகவே சீக்கிரம் திரும்ப ஆன் ஆகி, பாவம் அந்தக் கம்ப்ரசரை இரவு முழுக்க அழுத்தத்துக்கு எதிராக எழுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முயற்சியும் பேட்டரியைக் குடித்தது, குளிர் ஒரு சொட்டுக்கூட உண்டாகவில்லை. சார் இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டபோது ஓடியதற்குக் காரணம், அவர் எழுந்து விளக்கைத் தேடி வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

சூட்டுப் பெட்டி

இதோடு வேலை முடிந்திருந்தால் ஒயரை மாற்றி அனுப்பியிருப்பேன். ஆனால் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கையை நுழைக்கப் பார்த்தேன், விரல்கூட நுழையவில்லை. மூன்று பக்கமும் ஒட்டி பிளைவுட், மேலே பலகை போட்டு மூடி அதில் பாத்திரங்கள். இந்த மாடலுக்குக் கண்டன்சர் குழாய் வெளியே தெரியாது, பக்கச் சுவர்களின் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அந்தச் சுவர்தான் வெளியே விட வேண்டும். அதைப் பலகையால் போர்த்திவிட்டால் ஃபிரிட்ஜ் தன் சூட்டைத் தானே குடிக்கும்.

பின்பக்க இடுக்கில் தெர்மாமீட்டரை மூன்று மணி நேரம் வைத்தேன். 51 டிகிரி. வெளியே நிழலில் 34. நம் நாட்டில் விற்கும் ஃபிரிட்ஜ்களில் டி வகுப்பு என்று குறித்திருந்தால், சுற்றிலும் 43 டிகிரி வரை அது வேலை செய்யும்படி செய்யப்பட்டது என்று அர்த்தம். இங்கே எட்டு டிகிரி கூடுதல். மணிக்கு ஐம்பது நிமிடம் கம்ப்ரசர் ஓடியது. அவர்கள் வைத்திருந்த, கரண்ட்டை வெட்டி வெட்டித் தரும் சதுர அலை இன்வெர்ட்டரில் அது இழுத்ததோ 118 வாட், லைன் கரண்ட்டில் இழுத்ததைவிட 26 வாட் அதிகம். அந்த 26 வாட்டும் மோட்டாருக்குள் உறுமலாகவும் சூடாகவும்தான் போகிறது. கணக்குப் போட்டால் ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளைக்கு 2.3 யூனிட்டுக்கு மேல். கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 180 யூனிட், அதாவது நாளுக்கு அரை யூனிட் என்று இருந்தது. அது சோதனைச்சாலைக் கணக்கு. காற்றோட்டமுள்ள அறையில் நிற்கும் ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும் கணக்கை வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மடங்கு என்று வைத்துத் திட்டம் போடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். இவர்களுக்கு அது நாலரை மடங்குக்கும் மேலாகியிருந்தது.

பலகையைக் கழற்றும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஃபிரிட்ஜ் ஆடாமல் இருக்க, தச்சர் பக்கச் சுவரில் ஒரு எல்-கிளாம்ப் வைத்து இரண்டு ஸ்க்ரூ அடித்திருந்தார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஈரத்துணியால் அந்தச் சுவரைத் துடைத்துவிட்டு ஃபிரிட்ஜை ஓடவிட்டேன். எங்கே குழாய் ஓடுகிறதோ அந்தக் கோடு முதலில் காயும். ஒரு ஸ்க்ரூ அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. ஒரு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் கேஸ் முழுவதும் வண்டிக்குள். ஆர்-600ஏ தீப்பிடிக்கும் கேஸ், காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். இரண்டு பேர் படுத்துத் தூங்கும், அடுப்பு பற்றவைக்கும் இடம் அது. தயவுசெய்து ஃபிரிட்ஜின் சுவரில் யாரும் ஸ்க்ரூ அடிக்காதீர்கள், அடிக்க விடாதீர்கள். கீழே கால்கள் திருகியிருக்கும் துளைகளில் இரும்புப் பட்டை பிடித்துத் தரையோடு போல்ட் போடலாம். மேலே ரப்பர் வைத்த பெல்ட் ஒன்று போதும்.

செய்த வேலை

வேலையை ஒரே நாளில் எல்லாமாகச் செய்யவில்லை. எது எவ்வளவு உதவுகிறது என்று தெரிய வேண்டும் என்பதால் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொரு முறையும் அளந்தேன்.

முதலில் இன்வெர்ட்டரைத் தூக்கி பேட்டரி பக்கத்தில் வைத்தேன். 12 வோல்ட் ஒயர் ஒரு மீட்டர், 35 ஸ்கொயர் எம்எம், நடுவில் ஃபியூஸ். ஃபிரிட்ஜ் வரைக்கும் நீண்டு போவது இப்போது 230 வோல்ட் ஒயர், அதற்கு 1.5 ஸ்கொயரே தாராளம். என்ஜின் நின்ற நிலையில், கம்ப்ரசர் எடுக்கும் நொடியில் பேட்டரி முனை 11.5, இன்வெர்ட்டர் முனை 11.3. கட் ஆகவில்லை. பத்து முறை எடுத்துப் பார்த்தோம், பத்து முறையும் எடுத்தது. இதற்கான செலவு ஒயருக்கும், ஒயர் முனையில் மாட்டும் லக்குக்கும் மட்டும்தான். டீச்சர் அந்தச் சின்ன 'விர்ர்' சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினார்.

லக் விஷயத்தில் இந்தக் கரையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளீயம் பூசிய செம்பு லக், ஹைட்ராலிக் கிரிம்ப், மேலே சூட்டில் சுருங்கும் ட்யூப், நட்டின் மேல் வாசலின். பாம்பன் பாலத்து இரும்பை உப்புக்காற்றிடமிருந்து காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலே நின்றுவிட்டது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. அந்தக் காற்று வண்டிக்குள் வராமலா இருக்கும்? பழைய லக்குகளைக் கழற்றியபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. நான் கணக்கிட்ட 2.6 வோல்ட்டுக்கும் அளந்த 2.7க்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் அந்தப் பச்சைக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது, சூடு. பக்கங்களில் 5 சென்டிமீட்டர், பின்னால் 7 சென்டிமீட்டர் விட்டுப் பலகையை மாற்றியமைத்தோம். கீழே முன்பக்கம் காற்று நுழைய ஒரு நீளத் துவாரம், மேலே வண்டியின் பக்கச் சுவரில் ஜன்னல் மாதிரி லூவர், அதற்குள் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு. காற்றை வண்டியின் அடித்தளத்தில் துளை போட்டு எடுக்கலாம் என்று சார் சொன்னார். வேண்டாம் என்றேன். தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்றில் மணலும் உப்பும் சாலையைத் தாண்டிப் பறக்கும். அடியிலிருந்து எடுத்தால் அதெல்லாம் நேராகக் கம்ப்ரசர் மேல் வந்து படியும். உள்ளேயிருந்து எடுத்து வெளியே தள்ளுவதே நல்லது. கேஸ் எப்போதாவது கசிந்தாலும் கீழ்த் துவாரத்தில் தேங்காமல் ஃபேன் இழுத்து வெளியே விடும். மறுநாள் அளந்தபோது பின்பக்கம் 39 டிகிரி, வெளியே 34. கம்ப்ரசர் மணிக்கு 28 நிமிடம் ஓடியது.

மூன்றாவது இன்வெர்ட்டரும் பேட்டரியும். லைன் கரண்ட் போலவே சுத்த சைன் அலை தரும் 1500 வாட் இன்வெர்ட்டராக மாற்றியதும் உறுமல் போய், இழுவை 92 வாட்டுக்கு வந்தது. பேட்டரியைப் பற்றிச் சாருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் புதுசு, இதையே வைத்துக்கொள்ளலாமே என்றார். அதில் 1.8 யூனிட் இருக்கிறது, ஆயுளைக் கெடுக்காமல் பாதிதான் எடுக்கலாம், 0.9. ஃபிரிட்ஜ் இப்போது நாளுக்கு 1 யூனிட், இன்வெர்ட்டர் தான் விழித்திருக்கவும் மாற்றவும் சாப்பிடுவதைச் சேர்த்தால் 1.4. ஒரு இரவு தாண்டிவிடும், அவ்வளவுதான். ஆனால் நான் மறுத்தது கணக்குக்காக இல்லை. ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், சாய்ந்தால் ஆசிட் சிந்தும். அதைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினார்கள். 2.5 யூனிட், அதில் 2 யூனிட்டைத் தைரியமாக எடுக்கலாம். விலை கூடுதல்தான். மொத்த வேலையிலும் பாதிச் செலவு அதற்கே போனது.

கூரையில் 330 வாட் பேனல் இரண்டு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைக் கொண்டுவந்து வைத்த மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. படுக்கை வாட்டில் மாட்டிய பேனலில் இழப்பெல்லாம் போக நாளுக்கு 2 யூனிட் கிடைக்கிறது. வண்டி ஓடும்போது சார்ஜ் ஆக 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று. பழைய ரிலே வழியாக லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரோடு இணைக்கக் கூடாது. அது ஆல்டர்னேட்டரை மொத்தமாக உறிஞ்சிச் சூடேற்றிவிடும்.

230 வோல்ட் பக்கம், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, எர்த்தை வண்டிச் சட்டத்தோடு இணைத்தேன். தகர வண்டி, ஈர மணலில் நிற்கும் வெறுங்கால், உப்பு ஈரம். லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ ஒயர் இழுக்கும்முன் அந்த சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் பல்பு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். டீச்சர் ஒரே முறையில் கற்றுக்கொண்டார்.

சார் கேட்ட கேள்வி

வேலை நடந்துகொண்டிருக்கும்போது சார் கேட்டார்: "வெளிநாட்டு கேரவன்ல கேஸ் சிலிண்டர்லயே ஃபிரிட்ஜ் ஓடுதாமே, அதை வாங்கியிருக்கலாமோ?"

உண்மைதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல காலமாக மோட்டார் ஹோம்களில் இருந்தது அந்த வகை. 1922இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் செய்த அமைப்பு. கம்ப்ரசர் இல்லை, அசையும் பாகமே இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து, கீழே ஒரு சின்னச் சுடர் கொடுத்தால் குளிர் வரும். சத்தமே கிடையாது. மின்சாரம் இல்லாத காட்டில் நாள் கணக்காக நிற்கிறவருக்கு அருமையான பொருள். ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாமல் தேங்கி, கொதிகலன் சூடேறிக் கெட்டுவிடும். வெளிச்சூடு ஏற ஏறக் குளிரும் குறையும். அதனால்தான் அங்கேயும் பலர் அதைக் கழற்றிவிட்டு வீட்டு ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் வைக்கிறார்கள். நம் கரையில் வண்டியை நிறுத்துவது மணலில், பகலில் 34, 35 டிகிரி. இங்கே கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்தான் சரி என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தோன்றுகிறது. கொஞ்சம் சாய்வெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

புதிதாக வாங்குகிறவர் கேட்டால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜாக வாங்குங்கள் என்பேன். அது மெதுவாக எடுக்கும், ஏழு ஆம்பியர் உதையே இருக்காது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வேண்டாம். ஐஸை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் அவ்வப்போது எரியும், பேட்டரியில் ஓடும் வண்டிக்கு அது வீண். டைரக்ட் கூல் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்தி ஐஸ் உருகவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். டீச்சரிடம் இருந்தது பழைய வகை, ஆனாலும் நல்ல நிலையில் இருந்ததால் மாற்றச் சொல்லவில்லை.

மறுபடி அரியமான்

எல்லாம் முடிந்தபின் அதே சவுக்குத் தோப்பில் போய் ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள் என்றேன். நானும் சாயங்காலம் பைக்கில் போனேன். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்தோம். சும்மா காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும் போதெல்லாம் எண் குதிக்கும், தண்ணீர்தான் உள்ளிருக்கும் பொருளின் சூட்டைச் சொல்லும். மாலை 6 மணிக்குப் பேட்டரி 96 சதவீதம், தண்ணீர் 5 டிகிரி. மறுநாள் காலை 6 மணிக்குப் பேட்டரி 66, தண்ணீர் 4.5, வெளியே 29. இரவு ஒரு 'டிக்' கூடக் கேட்கவில்லை என்று டீச்சர் போனில் சொன்னார்.

இன்சுலினுக்கு நடுத்தட்டின் முன்பக்கம் ஒரு மூடியுள்ள டப்பாவில் இடம் கொடுத்தோம். ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. கதவுத் தட்டோ ஒவ்வொரு திறப்புக்கும் சூடாகும். கதவுக்கு வெளியே ஒட்டும் வகைத் தாழ்ப்பாள் ஒன்றும் போட்டாயிற்று. வீட்டு ஃபிரிட்ஜ் கதவை மூடி வைத்திருப்பது காந்த ரப்பர் மட்டும்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தடைகளுக்கு அது தாங்காது.

மீனை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். கரையில் வாங்கிய நான்கு கிலோ மீனை அப்படியே உள்ளே திணித்தால் பால், மருந்து எல்லாம் சேர்ந்து சூடாகும். நம் மீனவர்கள் செய்வதுபோல் தெர்மாகோல் பெட்டி, மீனுக்குச் சரி எடை உடைத்த ஐஸ், அடுக்கு அடுக்காக. மண்டபத்திலும் பாம்பனிலும் ஐஸுக்குக் குறைவில்லை. பகலில் வெயில் நன்றாக இருக்கும்போது தெர்மோஸ்டாட்டைக் கூட்டி ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, இரவில் அவற்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிடுங்கள் என்றேன். சூரியனில் வந்த மின்சாரத்தைப் பேட்டரியில் மட்டுமில்லாமல் ஐஸாகவும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் சார் இப்போது என்னைவிடத் தேர்ந்துவிட்டார்.

கார்த்திகை மழையில் தொண்டிப் பக்கம் மூன்று நாள் வெயிலே இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தது. என்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டினால் டிசி-டிசி சார்ஜர் வழியாக 0.4 யூனிட் ஏறுகிறது. அதை வைத்து ஃபிரிட்ஜை விடாமல் ஓட்டிவிட்டார்கள்.

தை மாதம் வண்டி திரும்ப என்னிடம் வந்தது. கம்ப்ரசர் மணிக்கு 40 நிமிடம் ஓடுகிறது என்று சார் கைக்கடிகாரம் வைத்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். லூவரைத் திறந்தால் இரண்டு ஃபேனில் ஒன்று உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது, மற்றதும் முனகிக்கொண்டிருந்தது. லூவர் கடல் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தியதில் ஈரக்காற்று நேராக ஃபேனுக்கே வந்திருக்கிறது. ஃபேன்களை மேலிருந்து எடுத்து, கீழே காற்று நுழையும் உள்பக்கத் துவாரத்தில் தள்ளும்படி வைத்து மாற்றியிருக்கிறேன். லூவருக்குள் வலை மட்டும். இப்போது 29 நிமிடம். அடுத்த ஆடிக் காற்று முழுக்க இது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நிமிடக் கணக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.